உப்புக் காற்றும் ஒரு வெள்ளை வேகன் ஆரும்

டொரொன்டோவில் பதினோரு குளிர்காலங்களைக் கழித்த எனக்குக் கார் கழுவுவது என்றால் உப்பைக் கழுவுவது என்றே பொருள். சாலையில் பனி உறையாமலிருக்க மாநகராட்சி லாரிகள் தூவிச் செல்லும் உப்பு, நவம்பர் முதல் மார்ச் வரை கதவின் கீழ்விளிம்பிலும் சக்கரக் குடைவுகளிலும் வெள்ளைப் பொருக்காகப் படிந்துகொண்டே இருக்கும். அதனால், 2025 செப்டம்பரில் சென்னையின் கடலோரத் திருவான்மியூர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அப்பாவின் பத்து வயதான வெள்ளை வேகன் ஆரைச் சுற்றி வந்தபோது, என் கை பழக்கத்தில் கதவின் அடிவிளிம்பைத்தான் முதலில் தடவியது. மேலே பால் போலப் பளபளத்த வண்டியிலிருந்து, விரல் பட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"தினமும்தான் துடைக்கிறாங்க, அப்புறம் எப்படி?" என்று அப்பா கேட்டார். ஊரில் இருந்த மூன்று வாரங்களில் அந்த வண்டியை மூன்று வகையாகக் கழுவிப் பார்த்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினெட்டு கார்கள் நிற்கின்றன. காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் சைக்கிளில் வந்து, ஏழரைக்குள் எல்லாவற்றையும் துடைத்து முடித்துவிடுகிறார். வண்டிக்கு மாதம் அறுநூறு ரூபாய். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நகரின் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது, குழாயைப் பிடித்து வண்டி கழுவக்கூடாது என்று குடியிருப்புச் சங்கம் போட்ட தடை இன்றும் நீக்கப்படவில்லை. (பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள்.) ஆகவே அவருக்குக் கிடைப்பது இரண்டு பக்கெட் தண்ணீர், அதாவது முப்பது லிட்டருக்குச் சற்று மேல். அதைக்கொண்டு பதினெட்டு வண்டிகளை முடிக்கும் அவருடைய சிக்கனத்தை வியப்பதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை அவரருகில் நின்று பார்த்தேன். இடுப்பில் செருகிய மஞ்சள் துணியால் முதலில் தூசியைத் தட்டினார். பிறகு பக்கெட்டில் முக்கிப் பிழிந்த பனியன் வேஸ்ட்டை முன்கண்ணாடியில் தொடங்கி பானட், கூரை, கதவு என்று ஒரே இழுப்பில் கொண்டுபோனார். ஐந்தாவது வண்டிக்கு வந்தபோது பக்கெட் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது; ஒன்பதாவது வண்டியில் நான் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். துணியில் ஒட்டிய மணல் அடுத்த வண்டியின் பெயின்ட்டில் உப்புத்தாளாக வேலை செய்யும் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்: "தெரியும் சார். தண்ணி மாத்த விட்டா மாத்திடுவேன்."

வெள்ளை வண்டியில் இந்தக் கீறல்கள் கண்ணுக்குப் படுவதில்லை. டொரொன்டோவில் நான் வைத்திருக்கும் கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்தினால், சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மின்னும். அவை ஏதோ ஒரு பக்கெட்காரர் போட்டவை அல்ல, தானியங்கிக் கழுவகத்தின் சுழலும் தூரிகைகள் போட்டவை. முன்னால் போன வண்டியின் மண்ணைத் தூரிகை சுமந்துகொண்டு வருவதால், இயந்திரத்துக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. பெயின்ட்டின் மேல் நிற்கும் பளபளப்புப் பூச்சின் தடிமன் 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்தால், அதன்மீது மணலோடு எதையும் தேய்க்க மனம் வராது.

அப்படியிருந்தும் டொரொன்டோவில் நான் இயந்திரத்தை விடவில்லை. வாசலில் கியரை நியூட்ரலில் போட்டு, வைப்பரை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தரைத் தண்டவாளம் வண்டியை இழுத்துச் செல்லும். இடையில் கீழிருந்து பீய்ச்சும் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றை அடிக்கும் ஓசை காலடியில் கேட்கும். நான் கொடுக்கும் டாலர்கள் அந்த ஓசைக்குத்தான். வீட்டு வாசலில் கழுவினால் சோப்புத் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குப் போய்ச் சேரும் என்பதும், உறைகுளிரில் கழுவினால் கதவின் ரப்பர் உறைந்து கதவே திறக்காது என்பதும் கூடுதல் காரணங்கள்.

சென்னையிலும் அப்படி ஒன்று வந்துவிட்டதாக மைத்துனர் சொல்ல, ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். தூரிகைகள் வண்டியைச் சுற்றி வந்த ஆறு நிமிடங்களில் மைத்துனர் மூன்று வீடியோ எடுத்தார். கூரை ஆன்டெனாவைக் கழற்றச் சொல்ல யாரும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. வெளியே வந்தபோது அது காற்றில் சாய்ந்த நாணல் போல வளைந்திருந்தது. பின்பக்க நம்பர் பிளேட்டின் இடுக்கில் சேறு அப்படியே இருந்தது. அடிப்பகுதிக்குத் தண்ணீர் உண்டா என்று கேட்டதற்கு, "அது வேற பேக்கேஜ், இந்த மெஷின்ல கிடையாது" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. ஐந்நூறு ரூபாய் கொடுத்து, பக்கெட்காரர் தினமும் செய்வதையே இன்னும் கொஞ்சம் நுரையோடு செய்துகொண்டு வந்தோம்.

மிஞ்சியது வாட்டர் சர்வீஸ். ஆயுத பூசை அக்டோபர் 1. அதற்கு முந்தின நாள் அங்கே போக வேண்டாம் என்று வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள். போனேன். எனக்கு முன்னால் ஏழு கார்கள், நான்கு ஆட்டோக்கள், ஒரு மினி லாரி. இரண்டரை மணி நேரம் காத்திருந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை, ஏனென்றால் வேலை நடக்கும் முறையை அங்கேதான் பார்த்தேன்.

வண்டியை லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தினார்கள். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் அணிந்த ஒருவர், கையில் பிரஷர் கன்னோடு கீழே நுழைந்து, சக்கரக் குடைவு, சைலன்சர், கதவின் கீழ்ப்பட்டி என்று ஒவ்வொன்றாக அடிக்க, பத்து வருடக் கடற்கரை மணல் குழம்பாக வழிந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டிருந்ததை என்னிடம் காட்டி, ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டார். உள்ளே தேங்கியிருந்த பழுப்பு நீர் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. அப்பாவின் கேள்விக்குப் பதில் அந்த டம்ளரில் இருந்தது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, ஈரம் இரும்பைத் தின்கிறது. டொரொன்டோவில் உறைகுளிர் அந்த வேலையை மந்தப்படுத்தவாவது செய்யும். திருவான்மியூர் வெப்பத்தில் அதற்கு விடுமுறையே கிடையாது.

"அடியில டீசல் அடிக்கணுமா சார்?" என்று கேட்டார். துருப் பிடிக்காது என்று நம்பி அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்ததுதான், ஆனால் டீசல் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வேண்டாம் என்றேன். "நல்லது சார், கேக்குறவங்களுக்கு மட்டும்தான் அடிக்கிறோம்" என்று சிரித்தார். வண்டியை இறக்கிய பிறகும் உடனே துணியை எடுக்கவில்லை. மேலிருந்து கீழே தண்ணீரடித்து மண்ணை இறக்கி, நுரை போட்டு ஊறவிட்டு, அதன் பின்னரே கை வைத்தார். போன வருட ஆயுத பூசைக்கு அப்பா பானட்டில் வைத்த சந்தனத்தின் விளிம்பு ஓரிடத்தில் கல்லாய்க் காய்ந்திருந்தது. மூன்று முறை நனைத்து, நகம் படாமல் விரல்நுனியால் உருட்டியே அதை எடுத்தார். எந்தத் தூரிகைக்கும் அது முடியாது.

குறை ஒன்று உண்டு. அங்கே அடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். எங்கள் வீட்டு வடிகட்டிக்கு வந்தவரிடமிருந்து, நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் மீட்டரை வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்ததில் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வெயிலில் காயவிட்டால் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் விழும். நிழலில் நிறுத்தி உடனே துடைக்கச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்தார். நானூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள்.

புறப்படுவதற்கு முன், காலையில் வருபவருக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணிகளும், எங்கள் வண்டிக்கென்று தனியாக ஒரு சின்ன பக்கெட்டும் வாங்கிக் கொடுத்தேன். மாதம் நூறு ரூபாய் கூட்டவும் அப்பா ஒப்புக்கொண்டார். வாட்டர் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பேச்சு. அடுத்த தேதியை அப்பா தினசரிக் காலண்டரில் டிசம்பர் 30 தாளைத் தேடிப் பிடித்து, கேஸ் பதிவு செய்யும் குறிப்புக்குக் கீழே, "வண்டி அடிப்பக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறார்.