பணம் கட்டி ஃபாஸ்ட்நெட் போட்டிக்குப் போக நினைப்பவர்கள் கவனத்துக்கு

தொழில்முறை மாலுமியாக இல்லாதவர்கள் பணம் கட்டிக் குழுவில் ஓர் இடம் வாங்கிக்கொண்டு பெருங்கடல் பாய்மரப் படகுப் போட்டிகளுக்குப் போவது இப்போது சகஜமாகிவிட்டது. 1996 இல் பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தொடங்கிய கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டி இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் நடக்கிறது. அது பெரிய அளவில். அதற்குக் கீழே, ஒன்றிரண்டு படகுகளை வைத்துக்கொண்டு ஃபாஸ்ட்நெட், கரீபியன் 600 மாதிரியான போட்டிகளுக்கு ஆள் சேர்க்கும் சின்ன நிறுவனங்கள் ஏராளம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மாட்டியது அப்படி இல்லாத ஒரு நிறுவனத்திடம். பணத்தைத் திரும்பக் கேட்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுத்திருப்பதால் பெயரை எழுத முடியாது. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதத்தை எழுதலாம். அதைத் தெரிந்துகொண்டால் வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். அது தெரியாவிட்டால் ஏமாற்று எங்கே நடந்தது என்பது புரியாது. ஃபாஸ்ட்நெட் 1925 இல் ஏழே படகுகளுடன் தொடங்கியது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நானூறுக்கும் மேற்பட்ட படகுகள் வருகின்றன. இங்கிலாந்தின் கவ்ஸில் கிளம்பி, தென்கரையை ஒட்டி மேற்கே போய், கெல்டிக் கடலைக் கடந்து, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு, சில்லி தீவுகளுக்குத் தெற்கே திரும்பி வர வேண்டும். 2021 முதல் முடிவது பிரான்சின் ஷெர்போர்க்கில். மொத்தம் 695 கடல் மைல். பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இடங்கள் நிரம்பிவிடும். 1979 போட்டியில் அடித்த புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. அதில் ஒரு விதிதான் என் கதைக்கு முக்கியம்: படகின் பொறுப்பாளரும் குழுவில் குறைந்தது பாதிப் பேரும் போட்டிக்கு முந்தைய ஓராண்டுக்குள் 300 கடல் மைல் தூரமாவது கடல் போட்டிகளில் சேர்ந்து ஓடியிருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லாமல் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் தொடக்கக் கோட்டுக்குப் போக முடியாது.

எனக்கு விற்கப்பட்டது ஒரு முழுத் தொகுப்பு. பயிற்சி வார இறுதிகள், தகுதித் தூரத்துக்காக இரண்டு சின்னப் போட்டிகள், அப்புறம் ஃபாஸ்ட்நெட். உயிர்காப்புப் பயிற்சி வகுப்பும் கட்டணத்தில் அடக்கம் என்று எழுதியிருந்தது. படகு பதிவாகிவிட்டதா என்று கேட்டதற்குக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது, நிச்சயம் கிடைத்துவிடும், ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் என்று பதில் வந்தது. பாதிப் பணம் உடனே, மீதி பயிற்சிக்கு முன்பு. கட்டச் சொன்ன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. கேட்டால், கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அதுவரைக்கும் இதில் போடுங்கள் என்றார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் பட்ட சிரமங்களுக்காக நான் புகார் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என்று வாட்ச் மாறும். அந்த ஓய்விலும் ஈர உடையைக் கழற்ற, மறுபடி மாட்ட, ஏதாவது சாப்பிட என்று போக, தூங்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம் இருந்தால் அதிகம். எல்லோருக்கும் தனிப் படுக்கை கிடையாது, ஒருவர் எழுந்துபோன சூட்டிலேயே அடுத்தவர் படுக்க வேண்டும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடுவதால் கீழே உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையின் ஓரத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு தூங்குவோம். எதிர்க்காற்றில் போகும்போது மணிக்கணக்காகக் காற்று வரும் பக்கத்து விளிம்பில் கால்களை வெளியே தொங்கவிட்டு வரிசையாக உட்கார வேண்டும். அப்போது நம் உடம்பின் கனம்தான் படகுக்கு வேண்டும். வாந்தி, கைக் கொப்புளம், நள்ளிரவில் முன்தளத்தில் மண்டியிட்டுப் பாய் மாற்றுவது எல்லாம் உண்டு. இதற்குத்தான் பணம் கட்டுகிறோம், எனக்கு அது பிடித்தும் இருந்தது. கூட வந்தவர்களில் ஒரு செவிலியர், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், அதற்கு முன் பாய்மரக் கயிற்றையே தொட்டிராத ஓர் இளைஞர். எல்லோரும் முகம் சுளிக்காமல் உழைத்தார்கள்.

இந்த உழைக்கும் மனதைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "இது சொகுசுக் கப்பல் இல்லை, கடல் போட்டி." கூரையில் நீர் ஒழுகினால் அதே பதில். உணவு போதாமல் போனால் அதே பதில். சரி, அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சாதனத்தைப் பற்றிக் கேட்டபோதும் அதே பதில் வந்ததுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது.

நடந்ததைச் சொல்கிறேன். படகில் நடமாடும்போது நம் ஹார்னஸை, அதாவது உடம்பில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு வாரை, ஒரு டெதரால், அதாவது இரு முனையிலும் கொக்கி உள்ள பட்டையால், தளத்தில் நீளவாக்கில் கட்டியிருக்கும் ஜாக்ஸ்டே என்ற பட்டையில் மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். நல்ல டெதரில் ஒரு அடையாளத் தையல் இருக்கும். பட்டையை ஒரு மடிப்பு மடித்துத் தைத்து, உள்ளே வேறு நிறத்தில் ஒரு துண்டை ஒளித்துவைத்திருப்பார்கள். எப்போதாவது ஓர் ஆளின் முழு எடையும் வேகத்தோடு அதில் விழுந்திருந்தால் தையல் பிரிந்து அந்த நிறம் வெளியே தெரியும். தெரிந்தால் அந்த டெதரைத் தூக்கிப் போட வேண்டும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. எனக்குக் கொடுத்த டெதரில் தையல் பிரிந்து ஆரஞ்சுத் துண்டு முழுசாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கிப்பரிடம், அதாவது படகை நடத்துபவரிடம், காட்டினேன். அவர் அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, மேலே டேப் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். ஜாக்ஸ்டேயும் வெயிலில் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் நூல் நூலாகப் பிரிந்துவந்தது. லைஃப் ஜாக்கெட்டுகளில் வாயுக் குப்பி சிலவற்றில் தளர்ந்திருந்தது, ஒன்றில் துருப் பிடித்திருந்தது. தானாக ஊதும் பகுதியில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. லைஃப் ராஃப்ட் என்ற உயிர்காப்புத் தெப்பத்தின் பெட்டியில் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டும் அப்படித்தான்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017 நவம்பரில் உலகச் சுற்றுப் போட்டி ஒன்றில், தெற்குப் பெருங்கடலில் முன்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கடலில் விழுந்தார். அவரும் பணம் கட்டி வந்த குழு உறுப்பினர்தான். டெதர் மாட்டியிருந்தும், அதன் கொக்கி தளத்தில் இருந்த ஒரு கிளீட்டின், அதாவது கயிறு கட்டும் பிடியின், அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து விடுபட்டது. அவரைத் திரும்பப் படகில் ஏற்றியும் உயிர் இல்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட சாதனமே தவறான கோணத்தில் இழுபட்டால் இப்படி ஆகும் என்றால், ஏற்கெனவே பிரிந்த பட்டையில் டேப் சுற்றிக் கொடுப்பவரை என்ன சொல்வது?

அடுத்தது அந்தத் தாள். எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். முதல் முறை கடலுக்குக் கிளம்பும் காலையில், பைகளைப் படகில் ஏற்றியான பிறகு, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் நான் படகு உரிமையாளரின் நண்பர் என்றும், பயணத்தின் நேரடிச் செலவை மட்டுமே பகிர்ந்துகொள்கிறேன் என்றும் இருந்தது. உரிமையாளரை நாங்கள் யாரும் பார்த்ததுகூட இல்லை. வெறும் சம்பிரதாயம், காப்பீட்டுக்காகக் கேட்கிறார்கள் என்றார் ஸ்கிப்பர். கடலுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்ற நிலையில் நிறுத்திவைத்துக் கேட்டால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்?

அந்தத் தாளின் அர்த்தம் என்னவென்று பிறகு ஒரு கடல்சார் வழக்கறிஞர் விளக்கினார். பிரிட்டனில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் படகு வணிகப் படகு. அதற்குக் கடல்சார் முகமையின் விதிகளின்படி ஆய்வும் சான்றிதழும் வேண்டும். பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து எத்தனை மைல் வரை போகலாம் என்பதும் அந்தச் சான்றிதழில் இருக்கும்: இரண்டாம் வகை என்றால் 60 மைல், முதல் வகை 150, பூஜ்ய வகைக்கு எல்லை கிடையாது. ஸ்கிப்பருக்கும் வணிக அனுமதியுடன் கூடிய தகுதிச் சான்று வேண்டும். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு எரிபொருள், உணவு மாதிரியான செலவைப் பகிர்ந்துகொண்டு போகும் உல்லாசப் படகுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆக, எங்களிடம் வாங்கிய பணத்தை நண்பர்களின் செலவுப் பங்காகக் காட்டி ஆய்வையே தவிர்த்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இந்த முரண்பாட்டைத்தான், கை விரித்துவிட அது போதும். சான்றிதழைக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சல் எதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

தகுதிப் போட்டிகளுக்கு வருவோம். முதலாவது மித் ஆஃப் மல்ஹாம், கவ்ஸிலிருந்து எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பும் போட்டி, சுமார் 230 மைல். முதல் இரவே போர்ட்லண்ட் முனைக்கு அருகில் காற்று ஏற, பெரிய பாயைச் சுருக்கப் போனோம். சுருக்குக் கயிறு அறுந்தது. மாற்றுக் கயிறு படகில் இல்லை. ஸ்கிப்பர் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு வெய்மவுத்துக்குத் திருப்பினார். இரண்டாவது போட்டிக்கு முந்தைய மாலை, எஞ்சின் கோளாறு, வர வேண்டாம் என்று குறுஞ்செய்தி. முதல் போட்டியை முழுதாக முடித்திருந்தால்கூட 300 மைல் தேறாது என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். மீதிப் பணத்தைக் கேட்டு நினைவூட்டல் மட்டும் தவறாமல் வந்துகொண்டே இருந்தது, உயிர்காப்பு வகுப்பு நடக்கவே இல்லை. அந்த வகுப்பை நான் வேறோர் இடத்தில் தனியாகப் பணம் கட்டி முடித்தேன். குளத்தில் கவிழ்ந்து கிடக்கும் ராஃப்டை நிமிர்த்தி ஏறப் பழக்குவார்கள், யாராக இருந்தாலும் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் படகு போட்டியில் கலந்துகொள்ளவில்லை, அதே நாட்களில் அதே பாதையில் "ஃபாஸ்ட்நெட் அனுபவப் பயணம்" போகலாம், கட்டணத்தில் மாற்றம் இல்லை. ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி நிரல் மாற்றத்துக்கு உட்பட்டது என்று இருப்பதால் பணம் திரும்பக் கிடையாதாம். போட்டியின் பதிவுப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தப் படகின் பெயர் கடைசிவரை அதில் வரவில்லை. எங்களில் யாரும் அந்தப் பயணத்துக்குப் போகவில்லை.

நீங்கள் போக நினைத்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே படகின் வணிகச் சான்றிதழ், ஸ்கிப்பரின் தகுதிச் சான்று, கட்டணப் பயணிகளையும் உள்ளடக்கிய காப்பீடு, ராஃப்ட் சர்வீஸ் தேதி ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். நல்ல நிறுவனம் அன்றைக்கே அனுப்பிவிடும், வேறொரு நிறுவனத்திடம் பிறகு கேட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் வந்துசேர்ந்தது. படகு எப்போதாவது தரைதட்டியிருக்கிறதா, அதன் பிறகு கீலை, அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்தியிருக்கும் கனமான பகுதியை, சோதித்தார்களா என்றும் கேளுங்கள். 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபிக்கி என்ற படகு அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்து, அதிலிருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். முன்பு தரைதட்டியதும் அதன் பிறகு நடந்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. தகுதித் தூரம் வராவிட்டாலோ பதிவு கிடைக்காவிட்டாலோ முழுப் பணமும் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை எதற்கும் உதவாது. பிரிட்டனில் பணம் கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில், நிறுவனத்துக்கே நேரடியாகக் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு என்று 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் சொல்கிறது. எங்கள் குழுவில் முன்பணத்தைக் கார்டில் கட்ட வற்புறுத்திய ஒரே ஒருவருக்குத்தான் அது திரும்பக் கிடைத்தது.

அதே படகுக்கு, அதே படங்களோடு, அடுத்த போட்டிக்கான விளம்பரம் இப்போது வேறொரு நிறுவனப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களிடமும் யாராவது "உரிமையாளரின் நண்பர்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டிருந்தால், அதன் புகைப்படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். எங்கள் வழக்கறிஞர் அந்தத் தாள்களைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.