ஃப்ரீமான்ட்காரர்களுக்கு இலையுதிர்கால நடை: மிஷன் பீக்கா, கயோட்டி ஹில்ஸா, ரெட்வுட்டா?

போன வருடம் செப்டம்பரில் எங்கள் நான்கு குடும்பங்களும் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தீபாவளிக்கும் தேங்க்ஸ்கிவிங்குக்கும் வீட்டுக்குள் கூடிச் சாப்பிடுவது இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து எங்காவது நடக்கப் போவோம் என்று. எங்கே போவது என்பதில்தான் இழுபறி. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 1934-இல், கையில் காசில்லாத பொருளாதார மந்தக் காலத்தில், மக்கள் வாக்களித்து உருவாக்கிய ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்பின் கீழ் இன்று 70-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. எங்கள் பட்டியல் கடைசியில் மூன்றுக்கு வந்து நின்றது. மூன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஓக்லாந்து குன்றுகளில் இருக்கும் ரெட்வுட் பூங்காவைப் பிடித்துக்கொண்டோம். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிஷன் பீக்கைப் பற்றி ஃப்ரீமான்டில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2,517 அடி உயரம். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமிருந்து ஏறி இறங்க சுமார் 6 மைல். உச்சியில் அந்தக் கம்பம், அதில் ஏறி ஒரு படம். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவோம். விடிகிற நேரத்தில் மேலே நின்று, விரிகுடா மூடுபனிக்கடியில் கிடப்பதைப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து கிளம்பினால் அரை மணி நேரத்தில் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடுகிறோம். வேகமாக ஏறுகிறவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை; குழந்தைகளோடு வருகிறவர்கள் பாதியில் திரும்புகிறார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது தனிப் போராட்டம்.

கயோட்டி ஹில்ஸ் வீட்டுக்குப் பக்கம், பதினைந்தே நிமிடம். குன்றைச் சுற்றிப் போகும் பேவியூ பாதை 3.5 மைல், தார் போட்டது, தள்ளுவண்டி போகும். இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளும் வெள்ளைக் கூழைக்கடாக்களும் கரையோர உப்பளக் குட்டைகளில் இறங்கும். ஐரோப்பியர் வருவதற்கு முன் ஓலோனி மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பின் எச்சமும் அங்கே இருக்கிறது. பூங்காவின் இயற்கை வழிகாட்டிகள் நம்மைக் கூட்டிப்போய் அதையெல்லாம் விளக்குவார்கள். பக்கத்திலேயே ஆர்டன்வுட் பழம்பண்ணை. அங்கே அக்டோபரில் அறுவடைத் திருவிழா நடக்கும், பிள்ளைகள் மக்காச்சோளத்தைத் தாங்களே ஒடித்து வீட்டுக்கு எடுத்து வரலாம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள். விரிகுடாக் கரைப் பூங்காக்களில் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊராரோடு கலந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றால் இந்தப் பக்கம்தான் மேல். ரெட்வுட்டில் பார்வையாளர் மையம்கூடக் கிடையாது.

அப்புறம் ஏன் 40 நிமிடம் வண்டி ஓட்டிக்கொண்டு ரெட்வுட்டுக்குப் போகிறோம்? நிழலுக்காக.

இலையுதிர் காலம் என்றால் குளிர ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துத்தான் நாங்களும் கிளம்பினோம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு அது சரி. இங்கே கணக்கு தலைகீழ். கோடையில் உள்நாடு கொதிப்பதால் கடலிலிருந்து குளிர்ந்த காற்றும் மூடுபனியும் உள்ளே இழுக்கப்பட்டு நம்மைக் காப்பாற்றுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் அந்த இழுவை தளர்கிறது. சில நாட்களில் காற்று திசை மாறி உள்நாட்டிலிருந்து வறண்டு வீசுகிறது. மே மாதத்துக்குப் பிறகு மழையைப் பார்த்திராத குன்றுகள் புல் காய்ந்து மொட்டையாக நிற்கின்றன. நாங்கள் மிஷன் பீக் ஏறிய அக்டோபர் காலையில், பத்து மணிக்கே காரில் 91 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அம்மா முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். “என்னடா, இதையா இலையுதிர் காலம்னு சொன்னே?” கயோட்டி ஹில்ஸில் இவ்வளவு மோசமில்லை, கடல் காற்று உண்டு. ஆனால் மரம் என்று ஒதுங்க அந்தச் சுற்றுப்பாதையில் ஒன்றும் பெரிதாக இல்லை. மழை வரும் வரை சதுப்பு நிலமும் பாதி வறண்டுதான் கிடக்கிறது.

அடுத்த முறை, அதே மாதிரி வெயில் நாளில், ரெட்வுட்டின் கேன்யன் மெடோ வாசலில் இறங்கி ஸ்ட்ரீம் டிரெயிலில் நடந்தோம். ஓடையை ஒட்டியே போகிற பாதை. தொடக்கத்தில் தார் போட்டது, பெரும்பாலும் சமதளம். இரண்டு பக்கமும் ரெட்வுட் என்கிற வானுயர்ந்த ஊசியிலை மரங்கள். நூறு அடி உள்ளே போனதும் அம்மா தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்துவிட்டார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று அவர் ஊரில் அடிக்கடி சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று மைல் நடந்தார். மிஷன் பீக்கில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்த அதே பத்துப் பேர் இங்கே கடைசி வரை ஒரே கூட்டமாக நடந்தோம், பேசினோம், பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த நிழலின் கதையும் எளிதானதல்ல. ஒரு காலத்தில் இந்த மேட்டில் நின்ற மரங்கள் எவ்வளவு உயரம் என்றால், விரிகுடாவுக்குள் நுழையும் கப்பல்கள் அவற்றை அடையாளம் வைத்து நீருக்கடியில் மறைந்த பாறையைத் தவிர்த்தன. தங்கம் தேடி வந்த கூட்டம் வீடு கட்ட, 1860 வாக்கில் அத்தனையையும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பவை வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்தவை. அதனால்தான் பல இடங்களில் மரங்கள் வட்டமாக நிற்கின்றன. நடுவில், பழைய மரம் நின்ற இடம் காலியாக இருக்கும். பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் போய்த்தான் விளையாடுவார்கள்.

நவம்பரில் இன்னொன்று நடக்கிறது. கோடை முழுவதும் வயல்வெளிகளில் அசுவினியைத் தின்று கொழுத்த பொறிவண்டுகள் குளிருக்கு ஒதுங்க இந்த ஓடைப் பள்ளத்துக்கு வந்துவிடும். வேலிக் கட்டை, பெரணி இலை, குச்சி என்று எங்கே பார்த்தாலும் சிவப்பாக அப்பிக்கிடக்கும். பயறுச் செடியில் அசுவினி விழுந்தால் என்ன பாடு என்று தெரிந்த அம்மாதான் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அங்கே நின்றார். மிதித்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகவும் கூடாது.

ரெட்வுட்டிலும் குறை உண்டு. 1991 அக்டோபரில் 25 பேரைப் பலிகொண்ட ஓக்லாந்து குன்றுத் தீ இந்த மலைத்தொடரில்தான் மூண்டது. வறண்ட காற்று வீசி ரெட் ஃபிளாக் என்கிற தீ அபாய எச்சரிக்கை வரும் நாட்களில் குன்றுப் பூங்காக்களை மூடிவிடவும் கூடும். ஆகவே முந்தின இரவே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பாய்சன் ஓக். இந்தப் பக்கத்துக் காடுகளில் இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவப்பது பெரும்பாலும் அதுதான். மூன்று மூன்றாக இலை. குழந்தைகள் அழகென்று பறிக்கப் போவார்கள். தொட்டால் தோல் பல நாள் அரித்துக் கொப்பளிக்கும். இலை உதிர்ந்த குச்சிக்கும் அந்தக் குணம் உண்டு. பெருமழைக்குப் பிறகு பாதை எப்படி இருக்கும் என்பதில் என் அனுபவம் குறைவு: ஒரே ஒரு முறை போனோம், தார் முடிகிற இடத்தோடு சேறு பார்த்துத் திரும்பிவிட்டோம்.

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் இளவட்டம் என்றால் விடியற்காலை மிஷன் பீக் போங்கள். கைக்குழந்தை இருந்தால் கயோட்டி ஹில்ஸ். வயதானவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டம், அக்டோபர் வெயில் என்றால் யோசிக்காமல் ரெட்வுட்.

பூங்கா அமைப்பு வருடாவருடம் நடத்தும் டிரெயில்ஸ் சேலஞ்சிலும் சேர்ந்துகொள்ளலாம். அவர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்து ஐந்து பாதைகளையோ, மொத்தம் 26.2 மைலையோ நடந்து முடித்தால் நினைவாக ஒரு பின் தருவார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வில்லைதான். என் மகள் அதை ஆச்சியின் பெட்டிக்குள் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். இந்த வருடம் தனக்கென்று ஒன்று வேண்டுமாம், இன்னும் 11 மைல் பாக்கி.