மென்பொருள் திறக்கத் தாமதமா? மூன்று வருடக் குறிப்பு நோட்டிலிருந்து

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், படம் திருத்தும் மென்பொருளை இரண்டு முறை தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மகள், "என்னப்பா, இன்னுமா சுத்திட்டு இருக்கு?" என்றாள். மறுநாள் கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அளந்தேன். 1 நிமிடம் 48 விநாடி. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு அதை எழுதி வைத்தேன். அன்றிலிருந்து எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளந்து எழுதுவது பழக்கமாகிவிட்டது.

எங்களுடையது எட்டு வருடப் பழைய விண்டோஸ் கணினி. நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்ட பிராசசர், 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்). மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டே பதில்தான் வந்தது: ஃபார்மேட் பண்ணு, இல்லையென்றால் புதிதாக வாங்கு. இரண்டுமே எங்களுக்குத் தேவைப்படவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நான் செய்தவை எல்லாம் வீண். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் ஒரு இலவச மென்பொருளைப் போட்டேன். ஆயிரக்கணக்கில் பிழைகள் என்று காட்டியது, எல்லாவற்றையும் சரிசெய்ததாகவும் சொன்னது. நோட்டில் ஒரு விநாடி கூடக் குறையவில்லை. அப்புறம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரீஃபெட்ச்சைக் காலி செய்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்து, அதையும் அழித்தேன். அடுத்த முறை 2 நிமிடத்தைத் தாண்டியது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு மென்பொருள் திறக்கும்போது முதல் பத்து விநாடிக்குள் எந்தெந்தக் கோப்புகளைக் கேட்கிறது என்று விண்டோஸ் அங்கேதான் குறித்து வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே எடுத்துத் தருவதற்காக. அந்தக் குறிப்பையே நான் அழித்திருக்கிறேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

உருப்படியான முதல் தடயம் தற்செயலாகக் கிடைத்தது. அதே மென்பொருளை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தேன். 14 விநாடி! அதே கணினி, அதே மென்பொருள். நடுவில் மாறியது ஒன்றுதான்: முதல் முறை படித்த கோப்புகள் ரேமிலேயே தங்கியிருந்தன, இரண்டாவது முறை டிஸ்க்கைத் தேடிப் போக வேண்டிய வேலை இல்லை. அப்படியானால் மீதி ஒன்றரை நிமிடம் டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கணினியை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் சும்மா விட்டு, ஒருமுறை திறந்து அளக்க வேண்டும். மூடிவிட்டு உடனே இன்னொரு முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே நேரம் எடுத்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கள் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ரகம். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி ஆகிறது. கேட்ட தகவல் படிக்கும் ஊசிக்குக் கீழே வந்து சேர சராசரியாகப் பாதிச் சுற்று, அதோடு ஊசி நகரும் நேரம். கூட்டிப் பார்த்தால் விநாடிக்கு எண்பது இடங்களுக்கு மேல் போய் வருவது கஷ்டம். பெரிய மென்பொருள் ஒன்று திறப்பதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். ஐயாயிரம் துண்டு என்றாலே ஒரு நிமிடம் போய்விடும். தகவலைச் சிப்பில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கோ நகர்வதற்கோ ஒன்றுமே இல்லை.

எஸ்எஸ்டி மாற்றுவது என்று முடிவானது. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள் (தகவல் சேமிக்கும் சிறு பகுதிகள்) இருந்தன. நான் வெறும் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, டிஸ்க் சாகத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருந்திருக்கிறது. அன்று ராத்திரியே மகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்த பிறகுதான் தூங்கப் போனேன். உங்கள் கணினி திடீரென்று மெதுவானால், வேகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள், நகல் எடுங்கள்.

கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கும் மென்பொருள்களின் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாக முடிக்கிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எது எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் பக்கம் இருக்கும். எங்களுடையதில் பதினேழு மென்பொருள் வரிசை கட்டி நின்றன, பதினொன்றை அணைத்தேன். கணினி எழுந்து வந்ததும் கையை வைக்க முடியாத முதல் சில நிமிடங்கள் இதனால் குறைந்தன. ஆனால் அதன் பிறகு திறக்கும் மென்பொருளின் நேரம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்.

எஸ்எஸ்டி போட்ட அன்று முதல் திறப்பு 17 விநாடி, இரண்டாவது 14. டிஸ்க் இனிமேல் குற்றவாளி இல்லை என்பதை அந்த மூன்று விநாடி வித்தியாசமே சொல்லிவிட்டது. மீதமிருந்த 14 விநாடியை அப்போது நான் கண்டுகொள்ளவில்லை. அந்த வேகமே போதும் என்று சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு சிக்கல் வந்தது. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள், வழக்கமாக 5 விநாடியில் திறப்பது, 38 விநாடி எடுக்க ஆரம்பித்தது. மூடித் திறந்தாலும் அதே 38. டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சிபியு (அதாவது பிராசசர்) 1 சதவீதம். டிஸ்க் 0. ரேமில் பாதி காலி. கணினி வேலையே செய்யவில்லை, ஆனால் மென்பொருளும் திறக்கவில்லை. இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், ஆன்டிவைரஸைச் சந்தேகப்பட்டேன், எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் வைஃபை வேலை செய்யாமல் கிடந்தபோது அதே மென்பொருள் பொசுக்கென்று 5 விநாடியில் திறந்தது. வைஃபை திரும்ப வந்ததும் மறுபடி 38. அப்போதுதான் உறைத்தது, இது வேலை செய்ய நேரம் எடுக்கவில்லை, யாரிடமிருந்தோ பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று ஒன்று வரும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அது காட்டும். அதில் தெரிந்தது, அச்சு வேலைகளைக் கவனிக்கும் விண்டோஸ் சேவையான பிரிண்ட் ஸ்பூலரின் பெயர். எங்கள் பழைய வைஃபை பிரிண்டரை உறவினர் ஒருவருக்குக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் கணினியில் அதுவே முதன்மைப் பிரிண்டராக இருந்தது. தாளின் அளவு என்ன, ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்பதையெல்லாம் இந்த மாதிரி மென்பொருள்கள் திறக்கும்போதே முதன்மைப் பிரிண்டரிடம் விசாரிக்கும். வீட்டிலேயே இல்லாத பிரிண்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கைவிட்டுவிட்டுத்தான் திறந்திருக்கிறது. வைஃபை இல்லாதபோது கூப்பிட வழியே இல்லை என்று உடனே தெரிந்துவிட்டதால் தாமதமும் இல்லை. பழைய பிரிண்டரை நீக்கி, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் பிரிண்டரை முதன்மையாக்கினேன். 5 விநாடி. இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகப் பெரிய நிறைவைத் தந்த திருத்தம் இதுதான். எங்கோ அணைந்து கிடக்கும் இன்னொரு கணினியின் பகிர்வு ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்து கொடுத்து வைத்திருந்தாலும் இதே மாதிரி நடக்கலாம்.

அந்தத் தெம்பில் படம் திருத்தும் மென்பொருளின் பழைய 14 விநாடியைக் கையில் எடுத்தேன். திறக்கும் நேரம் முழுக்க சிபியு சரியாக 25 சதவீதத்தில் நின்றது. குறைவாகத் தெரியும், ஆனால் நான்கு கோர் உள்ள கணினியில் 25 என்றால் ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடுகிறது, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன என்று பொருள். திறக்கும்போது வரும் முகப்புப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடும் வரியைக் கவனித்தேன். எழுத்துருக்கள் என்ற இடத்திலேயே நின்றது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகளைப் படிப்பதற்காகப் பாமினி, டாம், டாப் என்று கிடைத்த எழுத்துரு எல்லாவற்றையும் நிறுவி வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் தொள்ளாயிரத்துக்கும் மேல். மென்பொருள் ஒவ்வொன்றையும் திறந்து விவரம் படித்துக்கொண்டிருந்தது. தேவையான அறுபதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். 6 விநாடி ஆனது. பழைய கோப்பு ஏதாவது வந்தால் அதற்கான எழுத்துருவை அப்போது நிறுவிக்கொள்கிறேன், அரை நிமிட வேலை.

இன்னொரு விஷயம். ஷட் டவுன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, மறுநாள் திரும்ப எடுக்கப்படுகிறது. தினமும் அணைத்த எங்கள் கணினி, டாஸ்க் மேனேஜரின் 'அப் டைம்' கணக்கில் 23 நாளாக ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இப்போது வாரம் ஒருமுறை கொடுக்கிறேன்.

ஆன்டிவைரஸில் விலக்குப் பட்டியல் (சோதிக்காமல் விட வேண்டியவை) போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு விநாடிதான் மிச்சமானது. அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்த மனம் வரவில்லை, திரும்ப எடுத்துவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போன வாரம் எழுதியது: பட மென்பொருள் 6, கடித மென்பொருள் 5, உலாவி 8. உலாவி போன மாதம் 4-இல் இருந்தது. முதல் திறப்பு, இரண்டாவது திறப்பு இரண்டும் 8 என்பதால் டிஸ்க் இல்லை. உலாவியில் புதிதாகச் சேர்த்த இரண்டு நீட்சிகளில் (எக்ஸ்டென்ஷன்) ஒன்றை அணைத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.