165 வாட் கருப்புப் பெட்டி எல்இடி: சிக்கனமான பவளத்தொட்டி விளக்கு

இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியில் காளான் பவளம், ஜோவான்தஸ் என்னும் பொத்தான் பவளம் வளர்க்க பிராண்ட் இல்லாத இந்த விளக்கே தாராளம். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை; அவற்றை வாங்கவே கூடாது, அதற்கான விலையுயர்ந்த விளக்கும் தேவையில்லை.

நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனித் திருகு உண்டு. நீர்மட்டத்துக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு நீலம் 30, வெள்ளை 5 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரம் 5 சதவீதம் ஏற்றினால் போதும். எடுத்த எடுப்பில் வெள்ளையை முழுக்கத் திருப்பினால் பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும்.

திருநெல்வேலி வெயிலுக்குத் தொட்டி மூடியைக் கழற்றி, நீரின் மேல் சின்ன ஃபேன் வீசட்டும். வற்றும் அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

குறை என்றால், விளக்கின் உள்விசிறியில் உப்புப் படிந்து இரைச்சல் வரும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைக்கணும். விளக்கை நேரத்துக்குப் போட்டு அணைக்கும் டைமர் பேட்டரி வைத்ததாக இருக்கட்டும், சுற்றும் வகை கரண்ட் போனதும் நின்று நேரம் பிசகும்.