பிஎச் புரோப்பின் மூடிக்குள் எதை ஊற்றுவது?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் காவிரித் தண்ணீரும் வரும், அது வராத நாளில் டேங்கரும் வரும். இரண்டும் ஒரே குணமில்லை என்பதால் மீன் தொட்டிக்கு வாரம் ஒருமுறை பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மை, பார்ப்பேன். மீதி ஆறு நாளும் பேனா மீட்டர் அலமாரியில் கிடக்கும். அது கெட்டது அப்படிச் சும்மா கிடந்தபோதுதான்.

காய வைப்பது, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டருக்குச் சரி. அலசி, உதறி, மூடிவிடலாம். பிஎச் புரோப்பின், அதாவது தண்ணீரில் முக்கும் நுனியின், கண்ணாடிக் குமிழுக்கு ஈரம் வேண்டும். தெரியாமல் காய்ந்துவிட்டால் ஓர் இரவு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

நான் ஏமாந்தது ஆர்ஓ தண்ணீரில். சுத்தமான தண்ணீர்தானே என்று மூடியில் ஊற்றிவிட்டுப் பொங்கலுக்குத் திருப்பத்தூர் போய்விட்டேன். பத்து நாள் கழித்து பிஎச் 7 பஃபரில் (பிஎச் இவ்வளவு என்று முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்) விட்டால் 6.5 காட்டுகிறது, அதிலும் நிற்காமல் ஊர்கிறது. குமிழுக்குப் பக்கத்தில் நுண்துளைகள் உள்ள ஒரு சிறு அடைப்பு உண்டு. புரோப்பின் உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு அதன் வழியாகத்தான் வெளித் தண்ணீரைத் தொடுகிறது. வெளியே உப்பில்லாத தண்ணீர் நின்றால் உள்ளிருப்பது கசிந்துகொண்டே போகும். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு கெடுதல். என் மீட்டரில் அதைத் திரும்ப நிரப்பவும் முடியாது, புரோப்பை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது. மொத்தமாகத் தூக்கிப் போட்டேன்.

இப்போது இருப்பது இரண்டாவது மீட்டர். மூடியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. 100 மில்லி கரைசலுக்குச் சுமார் 22 கிராம். உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய அதே உப்பு என்பதால் கசிவுக்கு வேலையில்லை. ரெடிமேட் பாட்டிலும் கிடைக்கிறது. தூள் வாங்கினால் லேப் தரத்தில் வாங்குங்கள். உரக்கடைச் சிவப்புப் பொட்டாஷ் வேண்டாம். லேப் தூள் சமையலுப்பு மாதிரியே இருக்கும், டப்பாவில் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள், எங்கள் வீட்டில் ஒருநாள் அது சாம்பார் வரை போகப் பார்த்தது.

பராமரிப்பு என்றால் மூடிப் பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்வதுதான். பெங்களூரில் மார்ச் மாதக் காற்றுக்கு அது சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. வாரா வாரம் நாலு சொட்டு விடுகிறேன். மூடியோரம் வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சை இல்லை, உப்புதான், கழுவினால் போகும். ஒன்றரை வருடமாக ரீடிங் அரை நிமிடத்தில் நிலைக்கிறது.

கரைசல் தீர்ந்த ஒரு மாதம் பிஎச் 4 பஃபரில் வைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவசரத்துக்கு அது போதும். வருடக் கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல முடியாது. மூடியில் நின்ற பஃபரையே திரும்பக் காலிபரேஷனுக்கு (மீட்டரைச் சரிபார்த்துத் திருத்த) எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.