வழக்கில் கணக்காளர்: பின்னணி ஆலோசகரா, நிபுணர் சாட்சியா?

ஆலோசகர் திரைக்குப் பின்னால் வக்கீலுக்காக உழைப்பவர். எதிர்த்தரப்பிடம் எந்த லெட்ஜரைக் கேட்பது, குறுக்கு விசாரணையில் எங்கே பிடிப்பது என்று சொல்வார். நம் தரப்பின் ஓட்டைகளையும் தயங்காமல் எழுதிக் கொடுக்கலாம். அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் வெளியே போகாது.

நிபுணர் சாட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய கடமை நீதிமன்றத்துக்கே, கட்டணம் தருபவருக்கு அல்ல. எந்த ஆவணம், என்ன அனுமானம், எந்த முறை என்று அறிக்கையில் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும். அறிக்கை அடிவாங்குவது அநேகமாக இழப்புக் கணக்கில்தான். விற்பனை 100 குறைந்தால் இழப்பும் 100 ஆகிவிடாது. வாங்காத சரக்கிலும் கொடுக்காத கமிஷனிலும் 60 மிச்சமானால் இழப்பு 40தான். வாடகையைக் கழிக்கக் கூடாது, அது எப்படியும் போயிருக்கும் செலவு. இன்னொன்று: ஜெயித்தால்தான் கட்டணம் என்று பேசினால் சாட்சியின் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும்.

ஒருவரே இரண்டையும் செய்யலாமா? செலவு குறையும், ஆனால் ஆலோசகராக எழுதிய குறிப்புகளையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும் அபாயம் உண்டு. தொகை பெரிதென்றால் இரண்டு பேரை வைப்பதே சரி. சிறிய வழக்கில் ஒருவர் போதும். அவர் சாட்சி சொல்வாரா என்பதை முதல் மின்னஞ்சலுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.