பீட்டில் மிதக்கும், அம்பாசிடர் முங்கும்: தரைப்பாலத்தில் எது தேவலை?

ஆழியாறு அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆறு பொங்கும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தரைப்பாலங்கள், மலையாளத்தில் நிலம்பதி, முதலில் முங்கும். பழைய வண்டிக்காரர்கள் நடுவே அப்போது கிளம்பும் கேள்வி: பழைய கார் தண்ணீரில் மிதக்குமா? எந்த வண்டி என்பதைப் பொறுத்தது.

கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீரை வண்டி ஒதுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் சுமார் 800 கிலோ. உட்தரையை 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்தால், தரைக்கு மேல் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீருக்கும் 240 கிலோ தூக்கல். 35 செ.மீ. ஏறுவதற்குள் வண்டி மிதந்தாக வேண்டும். அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். தரையும் கொஞ்சம் பெரிது. கணக்குப்படி அதுவும் 40 செ.மீ.யை ஒட்டி மிதக்க வேண்டியதுதான். ஆனால் கணக்கு, ஓட்டையே இல்லாத பெட்டிக்குத்தான் பொருந்தும்.

பீட்டிலின் அடித்தகடு தட்டையானது. நடுவே டனல் (மூடிய குழல்) ஓடுகிறது. முன்பக்க டிக்கியும் அடியில் மூடிய தொட்டி மாதிரி. எஞ்சின் பின்னால், அந்த அறைக்கு அடியில் மூடி கிடையாது. அதனால் மூக்கு தூக்கி, வால் இறங்கி மிதக்கும். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் அதன் விசிறியே தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடித்து அணைத்துவிடும். பிறகு ஹீட்டர் குழாய்கள், பெடல் துளைகள், தரையில் உள்ள ரப்பர் மூடிகள் வழியாக மெல்ல நிரம்பும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகனே மிதக்கும் பீட்டிலைக் காட்டி விளம்பரம் செய்தது. அது துரு ஏறாத புது வண்டி என்பதை மறக்கக் கூடாது.

அம்பாசிடரில் எல்லாம் தலைகீழ். வார்ப்பிரும்பு எஞ்சின் முன்னால். ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள், கியர் ராடு, ஒயரிங் எல்லாம் நுழையும் துளைகளும் அங்கேயேதான். கனமான பக்கம்தான் முதலில் தாழும்; தாழும் பக்கத்தில்தான் துளைகளும். முன்சீட்டு மிதியடிக்குக் கீழே துரு அரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி: ராத்திரியில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, மிதியடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே 100 வாட் பல்பு எரியவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தண்ணீர் கசியும். கதவு ரப்பர் பீடிங்குக்கு, ஒரு துண்டுத் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் அங்கே பீடிங் செத்துவிட்டது. வயதான அம்பாசிடர்களில் கசியாத கதவு அபூர்வம்.

அப்படியானால் பீட்டிலா ஜெயித்தது? குளத்தில் ஆம். தரைப்பாலத்தில் இல்லை. மிதப்பதுதான் அங்கே ஆபத்து: டயர் தரையை விட்ட கணமே ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம், வண்டியை ஆறுதான் ஓட்டும். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே பல கார்களை அசைக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். இந்த விஷயத்தில் பழைய மகிந்திரா ஜீப் மேல். திறந்த பக்கம், உயரமான உடம்பு. தண்ணீர் உள்ளேயும் புகுந்து வெளிமட்டத்துக்குச் சமமாக நிற்பதால், எடையில் பெரும்பங்கு டயர் மேலேயே தங்கும். இறங்குவதற்கு முன் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் விசிறி டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) மேல் தண்ணீரை வீசும். ஆனால் அதுவும் ஆழம் தெரிந்த, இழுப்பில்லாத தண்ணீருக்குத்தான். பாலத்தின் ஓரக்கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஜீப்பும் இறங்கக் கூடாது.

மிதப்பதற்கென்றே செய்த கார் என்றால் ஜெர்மனியின் ஆம்ஃபிகார் 770. 1960-களில் 3,878 வண்டிகள் வந்தன. ட்ரையம்ஃப் ஹெரால்டின் 1,147 சிசி எஞ்சின், பின்னால் இரண்டு நைலான் ப்ரொப்பெல்லர், முன்சக்கரமே சுக்கான். கதவுக்கு இரண்டாவது பூட்டு உண்டு. அதைப் போட்டால் ரப்பர் இறுகும். தண்ணீரில் வேகம் 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கி.மீ.), சாலையில் மணிக்கு 70 மைல், பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆனால் அதற்கும் கசிந்த நீரை இறைக்க உள்ளே பம்ப் வேண்டியிருந்தது. தண்ணீர் பட்ட மூட்டுகளுக்குத் தவறாமல் கிரீஸ் ஏற்ற வேண்டும்.

எந்த வண்டி முங்கினாலும் செல்ஃப் மட்டும் அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, ஹேண்டில் இருந்தால் ஹேண்டிலால், இல்லாவிட்டால் டாப் கியரில் தள்ளி, தண்ணீர் வெளியேறும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் இரண்டு தடவை மாற்ற வேண்டும். பலர் மறப்பது பின் ஹவுசிங்கை (பின் அச்சின் கியர்ப் பெட்டி): ஓடிச் சூடான ஹவுசிங் சட்டெனக் குளிரும்போது உள்காற்று சுருங்கி, ப்ரீதர் (காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரெயின் பிளக்கைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும், பிறகுதான் ஆயில் வரும்.